காதுக் கல்லில் அறுபத்து மூன்று நாட்கள்

சென்ற மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை நீங்கள் குடித்த தண்ணீர் நல்லதா, கெட்டதா? உங்களால் சொல்ல முடியுமா? சொன்னாலும் நிரூபிக்க முடியுமா? பத்திரிகை வாசிக்கிறீர்கள், பிள்ளைகளை விஞ்ஞானம் படிக்க அனுப்புகிறீர்கள். இருந்தும் இந்தக் கேள்விக்கு விழிக்கத்தான் வேண்டும். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு திலாப்பியாக் குஞ்சு விழிக்காது. செத்து மிதந்த பிறகும் அது நாள் தவறாமல் பதில் சொல்லும். அந்தப் பதிலைத் தோட்ட நிர்வாகியான துரையின் மேசைவரை கொண்டுபோனவள் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு பெண்.

கருப்பாயிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கரவனெல்லயிலிருந்து மேலே ஏறும் ரப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் கடைசியில், நாலாம் காம்பிரா என்ற ஒற்றை அறை அவளுடையது. பதினைந்து வயதில் பால்வெட்டும் கத்தியைப் பிடித்தவள். மரத்தின் பட்டையை எவ்வளவு ஆழம் கீறினால் பால் வரும், எவ்வளவு ஆழம் போனால் மரம் காயப்படும் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். வாய் கொஞ்சம் நீளம். கணக்கப்பிள்ளைகூட அவளிடம் யோசித்துத்தான் பேசுவார். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. சந்தையில் அவள் பேரம் பேசுவதைக் கேட்டால் எந்தச் சிங்களக் கிராமத்துக்காரி என்று கேட்பார்கள்.

அவள் பங்குக்கு இரண்டு துண்டு மரங்கள் இருந்தன. ஒரு நாள் மேல் துண்டு, மறுநாள் கீழ்த் துண்டு என்று மாற்றி மாற்றி வெட்ட வேண்டும். வெட்டிய மரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. ஆனால் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. ஈரப் பட்டையில் பால் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். இடையில் நாலு நாள் மழை அடித்தால் எந்தத் துண்டின் முறை என்பது குழம்பிப்போகும். அதற்கு அவளே ஒரு வழி கண்டிருந்தாள். வெட்டிவிட்டு வீடு திரும்பியதும், விரலில் ஒட்டியிருக்கும் ரப்பர் பாலால் வாசல் கதவின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைப்பாள். வெட்டாத நாளுக்குப் பொட்டில்லை, வெறும் இடம். பொட்டை எண்ணினால் ஒற்றைக்கு மேல் துண்டு, இரட்டைக்குக் கீழ்த் துண்டு. ஒரு வாரத்துக்கு ஒரு வரிசை. காய்ந்து பழுப்பேறிய பொட்டுகள் கதவு முழுக்க இறங்கிக்கொண்டே போகும். கதவு நிறைந்ததும் சுரண்டிவிட்டு மேலிருந்து தொடங்குவாள்.

"கதவுக்கு அம்மை போட்டிருக்கு," என்று அவள் புருஷன் கிருஷ்ணராஜ் சொல்லிச் சிரிப்பான்.

கிருஷ்ணராஜ் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் ஆள். ஓய்வு நேரத்தில் ஓடைதான் அவனுக்கு எல்லாம். ரப்பர் பெக்டரிக்குக் கீழே வளைந்து, லயங்களைத் தாண்டி, சிங்களக் கிராமத்து வயலுக்குள் போகும் ஓடை அது. அதில் மீன் எங்கே பதுங்கும், எந்த மாதம் குஞ்சு பொரிக்கும் என்பது அவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் மாவனெல்லயிலிருந்து வந்த ஸும்றா அவனைத் தேடிப்பிடித்தாள். இரும்புக்கடை மர்சூக் ஹாஜியாரின் மகள். பல்கலைக்கழகத்தில் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸேறி வந்து ஓடைத் தண்ணீரைச் சீசாவில் பிடிப்பாள்; கிருஷ்ணராஜ் வலைபோட்டுக் குஞ்சுமீன் பிடித்துக் கொடுப்பான். அவனிடம் ஸ்பிரிட் ஊற்றிய இரண்டு போத்தல்களையும் அவள் கொடுத்து வைத்திருந்தாள்.

"நான் இல்லாத நேரம் குஞ்சுமீன் செத்துக் கிடந்தா இதுல போட்டு மூடி வைங்க நானா. எந்த நாள் எண்டு எழுதோணும். மறக்க வாணாம்," என்றாள். அண்ணன் முறையில் அவனை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

1998 மாசி மாதம், ஒன்பது நாள் தொடர்ந்து வெயில் காய்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலை, ஓடை முழுக்க மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கிருஷ்ணராஜ் சொன்னதைச் செய்தான். குஞ்சுகளாகப் பொறுக்கி ஒரு போத்தலில் போட்டு, பால் வாளியோடு அந்த வழியாக வந்த கருப்பாயியிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினான். இரண்டாவது போத்தலோடு மேல் வளைவுக்குப் போனபோது தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சர் அவனைப் பிடித்தார்.

மருந்தடிக்கிற ஆள். கையில் நெடியடிக்கும் போத்தல். சுற்றிலும் செத்த மீன். வேறென்ன வேண்டும்? மதியத்துக்குள் கீழ்க் கிராமம் வரை பேச்சு போய்விட்டது: தோட்டத்துத் தமிழன் ஓடையில் நஞ்சு கலந்துவிட்டான். கொழும்பிலும் கண்டியிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். அந்த வாக்கியத்தில் 'தமிழன்' என்ற சொல்லே தீர்ப்பாக இருந்தது.

பிற்பகல் தோட்டத்து ஒப்பீசிலிருந்து கடிதம் வந்தது. கிருஷ்ணராஜுக்கு வேலை இடைநிறுத்தம். ஒன்பது நாள் கழித்துத் திங்கட்கிழமை விசாரணை. குற்றம் ருசுவானால் வேலை போகும், காம்பிராவைக் காலி செய்ய வேண்டும், ஆளைப் பொலிசில் ஒப்படைப்பார்கள். கருப்பாயிக்கு முதல் இரண்டும் உறைக்கவே இல்லை; பொலிஸ்தான் உறைத்தது. கீழ் லயத்து ஆளொருவனை அடையாள அட்டை இல்லையென்று பிடித்துக்கொண்டு போய், பதினொரு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். திரும்பி வந்தவன் இன்றுவரை யார் கதவைத் தட்டினாலும் கட்டிலுக்கடியில் போய்விடுகிறான்.

செத்த மீனெல்லாவற்றையும் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லி உத்தரவு. அன்று மாலையே புதைத்தார்கள்.

லயத்தில் ஆளுக்கொரு யோசனை. "மாடசாமிக்குக் கெடா வெட்டாம ரெண்டு வருஷமாச்சு. அதான்," என்றார் ஒருவர். "குறி கேட்டுப் பாரு கருப்பாயி. யாரு செஞ்சதுன்னு சாமி சொல்லும்."

"சாமி சொன்னா தொர கேப்பாரா?" என்றாள் கருப்பாயி. "அப்ப சாமியையே விசாரணைக்குக் கூட்டிட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஸும்றா வந்தாள். விஷயம் கேட்டதும் அவள் முகம் வெளிறிவிட்டது. "யா அல்லாஹ், நான் குடுத்த போத்தலுக்கா இது?" என்று கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரே ஒப்பீசுக்குப் போய்ப் போத்தலில் இருப்பது ஸ்பிரிட் என்று சொல்லிப் பார்த்தாள். ஸ்பிரிட்டும் நஞ்சுதானே என்று, பெக்டரிக்குப் பொறுப்பான பெக்டரி ஐயா சிரித்தாராம்.

திரும்பி வந்து கேட்டாள்: "மத்தப் போத்தல் எங்க அக்கா?"

"அரிசி வாளிக்குள்ள மிஸ். அன்னைக்கே ஒளிச்சு வச்சுட்டேன்."

"திறந்தீங்களா?"

"செத்த மீன ஊறுகாயா போடப்போறேன்?"

ஸும்றா சிரிக்கவில்லை. போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இருபத்திரண்டு குஞ்சுகள். "இதுங்களுக்குத் தெரியும்," என்றாள். கருப்பாயிக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. இந்தப் பிள்ளையும் பயத்தில் சாமியாடப் பார்க்கிறதோ என்றுதான் நினைத்தாள். ஸும்றா போத்தலை எடுத்துக்கொண்டு பஸ்ஸேறினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸும்றா மறுபடி வந்தாள், குளிக்கிற துவாயில் பொதிந்த மைக்ரோஸ்கோப்பைக் குழந்தைபோல மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து. லயத்தில் கரண்ட் இல்லை. கண்ணாடி வைத்து வெயில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் பழைய காலத்து மைக்ரோஸ்கோப் அது. வாசலில் ஸ்டூல் போட்டு வைத்தாள். லயமே கூடிவிட்டது.

"மீனுக்குக் காது இருக்கு," என்று தொடங்கினாள்.

"எங்க? நான் இத்தனை மீன் அறுத்திருக்கேன், ஒரு தோடு போட்டதக்கூடப் பாக்கலியே," என்றாள் பக்கத்துக் காம்பிராக்காரி. கூட்டம் சிரித்தது.

"வெளியில இல்ல. மண்டைக்குள்ள ஈக்கிது. அதுக்குள்ள ஒரு சின்னக் கல். மீன் நேரா நீந்துறதும் சத்தம் கேக்குறதும் அந்தக் கல்லாலதான்."

போத்தலிலிருந்த குஞ்சொன்றின் மண்டையிலிருந்து எடுத்த, கடுகில் பாதியளவு கல். அதைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கியிருந்தாள். நாலு இரவுகளாகத் தூக்கமில்லை என்பது கண்ணில் தெரிந்தது. "குனிஞ்சு பாருங்க அக்கா," என்றாள்.

கருப்பாயி ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள்.

முதலில் வெறும் வெளிச்சம். பிறகு ஸும்றா எதையோ திருகினாள். சட்டென்று உள்ளே ஒரு உலகம் தெளிந்தது. நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஒரு வளையம், அதைச் சுற்றி இன்னொன்று, இன்னொன்று. தேன் நிறத்தில், கோலப்பொடியால் இழுத்ததைவிட மெல்லிய கோடுகள். அகலமாகச் சில, ஒடுங்கிக் கறுத்துச் சில. எந்தக் கையும் போகாத இடத்தில், ஒரு மீன் மண்டையின் இருட்டுக்குள், இவ்வளவு ஒழுங்காக யார் வரைந்தது? மரப்பட்டையின் அடுக்கையெல்லாம் அறிந்த கண் அது; அந்தக் கண்ணே திகைத்துப்போயிற்று.

"ஒரு வளையம் ஒரு நாள்," என்றாள் ஸும்றா மெதுவாக. "குஞ்சா இருக்கைக்குள்ள ஒவ்வொரு நாளும் ஒரு அடுக்கு படியும். தண்ணில ஈக்கிற சுண்ணாம்புச் சத்தத்தான் மீன் எடுத்து இந்தக் கல்ல கட்டுது. தண்ணி நல்லமா இருந்தா அகலமாக் கட்டும். புளிச்ச தண்ணியெண்டா கட்டக் கஷ்டம். அண்டைக்கு வளையம் ஒடுங்கிப்போகும்."

"அப்ப இந்த மீனு பொறந்து எத்தன நாளு?"

"அறுபத்து மூணு. நாலு தரம் எண்ணினேன்."

கருப்பாயி தலை நிமிரவில்லை. அறுபத்து மூன்று நாளும் அங்கே இருந்தன. அவள் சோறாக்கிய நாள், காய்ச்சலில் படுத்த நாள், பொங்கல் வைத்த நாள், எல்லாம். மனிதர்கள் மறந்து தொலைத்த ஒவ்வொரு நாளையும், யாரும் கேட்காமலே, கூலியில்லாமலே, ஒரு குஞ்சுமீன் எழுதிவைத்திருக்கிறது. மாடசாமி சொல்லாததை இது சொல்கிறது. எந்த மந்திரமும் இதற்குத் தேவைப்படவில்லை; கண்ணும் பொறுமையும் போதுமாயிருந்தது.

"யாராவது திடீரெண்டு நஞ்சு போட்டிருந்தா," என்றாள் ஸும்றா, "கடைசி நாள் வரைக்கும் வளையமெல்லாம் நல்லா ஈக்கோணும். இதுல அப்பிடி இல்ல. நாப்பத்திரண்டு வளையம் ஒடுங்கிக் கிடக்குது. இந்த ஓடைக்குப் புளிச்ச தண்ணி வாறது பெக்டரியிலருந்துதான். அப்ப, பெக்டரி ஓடின நாளெல்லாம் இது கஷ்டப்பட்டிருக்கோணும்."

பெக்டரி ஓடிய நாளென்றால் பால்வெட்டிய நாள். பால்வெட்டிய நாளென்றால் கருப்பாயியின் கதவு. ஸும்றா வளையங்களை ஒரு நீளத் தாளில் கோடுகளாக வரைந்து வந்திருந்தாள்; ஒடுங்கியதற்குக் கறுப்பு, அகலமானதற்கு வெள்ளை. கடைசிக் கோட்டை மீன் செத்த சனிக்கிழமையின் மேல் வைத்து, ஒவ்வொரு வரிசையாகக் கதவுப் பொட்டுகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டு வரிசை, மூன்று வரிசை. பொருந்தவில்லை. பொட்டு இருக்கும் சில நாளில் வளையம் அகலம். பொட்டில்லாத சில மழைநாளில் ஒடுக்கம்.

"ஒண்டும் சரிவருதில்ல," என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "பிழை எனக்குத்தான். நாளைக்கு என்ன சொல்லப்போறேன்?"

கிருஷ்ணராஜ் எழுந்து உள்ளே போனான். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பொலிசுக்குப் போகும்போது எந்தச் சட்டையைப் போடுவது என்று பார்க்கிறான் என்பது கருப்பாயிக்குத் தெரிந்தது.

அவள் கதவின் முன்னால் குந்தினாள். தாளை எடுத்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மழை தொடங்கிய ஒவ்வொரு முறையும் முதல் நாள்மட்டும் கறுப்பு. மழை விட்டு வெட்டத் தொடங்கிய முதல் நாள்மட்டும் வெள்ளை. எப்போதும் ஒரு நாள்.

"மிஸ்," என்றாள், "நீங்க பெக்டரிக்குள்ள போயிருக்கீங்களா?"

"இல்ல. விடல்ல."

"நாங்க காலையில வெட்டுற பால பகல்ல கொண்டுபோயி ஊத்துறோம். தொட்டியில அசிட் கலந்து வப்பாங்க. ராத்திரி பூரா இருந்து தயிரு மாதிரி உறையும். மறுநாத்தான் எடுத்து மெசின்ல குடுத்து ஷீட் அடிக்கிறது. அப்பத்தான் அந்தப் புளிச்ச தண்ணியக் கான் வாய்க்கால்ல ஓடைக்குத் தொறந்து விடுவாங்க." தாளைக் கதவில் வைத்தாள். "பாலு இன்னைக்கு. தண்ணி நாளைக்கு." ஒரு பொட்டளவு தாளை நகர்த்தினாள்.

ஸும்றா எழுந்து நின்றாள். வரிசை வரிசையாகக் கறுப்புக் கோடுகள் பொட்டுகளின் மேல் போய் உட்கார்ந்தன. முப்பத்தொன்பது பொட்டுகளில் முப்பத்தேழு பொருந்தின. வெயில் காய்ந்த கடைசி ஒன்பது நாளில், ஞாயிறென்றும் பார்க்காமல் பால் வெட்டவைத்த நாட்களில், ஒன்பது பொட்டு, ஒன்பது ஒடுங்கிய வளையம். ஓடையில் தண்ணீர் நூலாக இறங்கியபோது கல்லின் வளையமும் நூலாக மெலிந்திருந்தது. தோடு கேட்டுச் சிரித்தவள்கூட வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு கோடு மிச்சமிருக்கே," என்றாள் கருப்பாயி. "அதுக்கு நேரா எங்கிட்டப் பொட்டில்ல."

"அது எனக்குத் தெரியாது அக்கா."

"தெரியாதுன்னே நாளைக்கும் சொல்லுங்க. ஒண்ண மறைச்சோம்னா மத்ததையும் நம்பமாட்டாங்க."

திங்கட்கிழமை ஒப்பீசில் துரை, பெக்டரி ஐயா, வாச்சர், ஒரு பொலிஸ் சார்ஜன்ட், கிராமத்திலிருந்து மூன்று பெரியவர்கள். பேச்சு சிங்களத்தில் நடந்தது. ஸும்றா விளக்கி முடித்ததும் பெக்டரி ஐயா நாற்காலியில் சாய்ந்தார்.

"மீனின் காதில் எழுதியிருக்கிறதா? எந்த மொழியில், தமிழிலா?"

சார்ஜன்ட் சிரித்தார். வாசலில் நின்ற கருப்பாயி உள்ளே வந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை.

"எந்த மொழியிலும் இல்லைங்க ஐயா. எண்ணத் தெரிந்தால் போதும்," என்றாள் சிங்களத்தில். "பெக்டரிக்கு என்றைக்குப் பால் வந்தது, என்றைக்குத் தண்ணீர் திறந்தீர்கள் என்று புத்தகம் எழுதுகிறீர்கள்தானே? அது வரட்டும். ஆனால் திறக்காமல் மேசையில் வையுங்கள். முதலில் மிஸ் மீனைப் பார்த்து நாளைச் சொல்லட்டும். பிறகு திறந்து பாருங்கள். முன்னாலேயே திறந்தால், பார்த்துவிட்டுச் சொன்னோம் என்பீர்கள்."

மூன்றாம் வகுப்பு. ஆய்வுகூடங்களில் பட்டதாரிகளுக்கு வருடக்கணக்கில் சொல்லிக் கொடுக்கும் ஒழுங்கை அவள் அந்த இடத்திலேயே தானாகக் கண்டுபிடித்தாள்.

புத்தகம் பெக்டரியில் இருக்கிறது, சாவி இல்லை என்று பெக்டரி ஐயா இழுத்தார். கிராமத்துப் பெரியவர் ஒருவர் துரையைப் பார்த்து, "எங்கள் கிணறும் அந்த ஓடைக்கரையில்தான், மாத்தயா. சாவியைத் தேடச் சொல்லுங்கள்," என்றார். துரை ஆளை அனுப்பினார்.

ஸும்றா செத்த நாளிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு நாளாகச் சொன்னாள்: கெட்டது, கெட்டது, நல்லது. துரை தன் கையாலேயே எழுதினார். பிறகு புத்தகத்தைத் திறந்தார். துரையின் பேனா ஒவ்வொரு வரியாக இறங்கியது. நடுவில் நின்றது.

"இந்த நாளிலும் முந்தின நாளிலும் பால் வரவே இல்லை. மழை. மீன் கெட்டது என்கிறது," என்றார்.

"ஆமாம் சேர். அந்த ஐந்து நாளுக்குக் காரணம் எங்களுக்குத் தெரியாது," என்றாள் ஸும்றா.

துரை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பொடியெழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். நிமிர்ந்து பெக்டரி ஐயாவைப் பார்த்தார். 'பழைய தொட்டிகள் அசிட் விட்டுக் கழுவப்பட்டன.' அந்த ஐந்து நாட்களில் மூன்றில் அதே குறிப்பு. லயத்தில் யாருக்கும் தெரியாத, கருப்பாயியின் கதவுக்கும் தெரியாத விஷயம். மீனுக்குத் தெரிந்திருந்தது.

மிச்ச இரண்டு நாட்களுக்குக் காரணம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஸும்றாவின் ஆராய்ச்சி அறிக்கையில் அந்த இடத்தில் 'தெரியாது' என்றே இருக்கிறது.

'சாட்சியம் போதாது' என்று எழுதி கிருஷ்ணராஜை வேலைக்கு எடுத்தார்கள். அவன் குற்றமற்றவன் என்று எழுத அந்தக் காகிதத்தில் இடமில்லை போலும். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. சார்ஜன்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். பெக்டரி ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு தோட்டத்துக்கு மாற்றலானார், சம்பள உயர்வோடு. ஆனால் அதே மாதம், புளித்த தண்ணீரை ஓடையில் விடக்கூடாதென்று கீழ்க் கிராமமும் லயமும் ஒரே மனுவில் கையெழுத்து வைத்தன, வாழ்நாளில் முதல் தடவையாக. கருப்பாயி பெருவிரல் வைக்கவில்லை. எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். மூன்று வருடம் கழித்துத்தான் பெக்டரிக்குப் பின்னால், தண்ணீரின் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புத் தொட்டி கட்டினார்கள். மூன்று வருடம்! அதுவரை எத்தனை குஞ்சுகளின் காதில் எத்தனை கறுப்பு வளையம்?

நஞ்சு போட்டவன் என்று ஒரு பெயரைச் சொல்ல நமக்கு ஒரு நிமிடம் போதும். எண்ணிப் பார்க்க நாலு இரவுகள் வேண்டும். அந்த நாலு இரவுகளைச் செலவழிக்க ஆளில்லாத ஊர்களில்தான் ஏழைகள் சிறைக்குப் போகிறார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர் ஓடையில் மீன் செத்து மிதந்தால், எந்தத் துரை சொன்னாலும் எல்லாவற்றையும் புதைத்துவிடாதீர்கள். பத்துக் குஞ்சுகளைப் பொறுக்கி ஸ்பிரிட்டில் போடுங்கள். போர்மலின் வேண்டாம், அது கல்லை அரித்துவிடும். நாளையும் இடத்தையும் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளேயே போட்டு மூடுங்கள். அதை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் வாசலில் நில்லுங்கள். எண்ணித் தரும்வரை வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.